யார் வீட்டு மெட்டு?

அரியலூரில் கல்யாணம். பெரம்பலூரிலிருந்து இரண்டு அத்தைகளும் வந்திருந்தார்கள். நலங்கில் சின்ன அத்தை பாட ஆரம்பித்ததுமே பெரிய அத்தையின் முகம் சுண்டிப் போயிற்று.

"அது என் மெட்டு! வார்த்தையை மாற்றிவிட்டால் தெரியாதாக்கும்?" என்றாள் என் காதோடு. இதற்காகவே இருவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சில்லை!

சிரிக்காதீர்கள். இதே வழக்கு டில்லி ஹைகோர்ட்டுக்கே போயிருக்கிறது. 2023-ல் வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தில், ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'வீரா ராஜ வீர' பாட்டு, டாகர் சகோதரர்களின் 'சிவ ஸ்துதி'யைப் பார்த்துச் செய்தது என்று அக்குடும்பத்து வாரிசு வழக்குப் போட்டார். இரண்டும் அடாணா ராகம். 2025 ஏப்ரலில் நீதிபதி சகோதரர்களின் பெயரைப் போடச் சொன்னார். இரண்டு கோடி ரூபாய் கட்டவும் உத்தரவிட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். பாடியவர் எல்லாம் இயற்றியவர் ஆகிவிட முடியாதல்லவா?

மறுநாள் இரு அத்தைகளையும் ஒரே காரில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போனேன். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

அப்பா ராஜராஜன் தஞ்சையில் கட்டியதைப் பார்த்துத்தான் மகன் ராஜேந்திரன் இங்கே கட்டினான். உயரம் சற்றுக் குறைவு. ஆனால் விமானத்தின் வளைவில் ஒரு தனி அழகு! இதைத் திருட்டு என்று யார் சொல்வார்கள்?

"ஏன் அத்தை, அந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று சின்ன அத்தையைக் கேட்டேன்.

"அக்காவிடந்தான். அக்கா, அம்மாவிடம்" என்றாள் அவள்.

"இதை நேற்றுச் சபையில் சொல்லியிருந்தால் என்னவாம்?" என்றாள் பெரிய அத்தை.

பத்து வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது!