கோவையும் கோரிக்கையும்

தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். பலாங்கொடைத் தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இன்று கணினியையும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். பொத்தானை அழுத்தப் பழகினால் மட்டும் போதாது. கருவிக்குள் பொதிந்துள்ள நியாயத்தையும் அவர்கள் அறியவேண்டும் என்பது நமது துணிபு.

தூரத்துக் கணினியிலுள்ள கோப்பை வரவழைக்க டி.எஃப்.டி.பி. என்னும் எளிய நெறிமுறை ஒன்றிருக்கிறது. 1981இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த காரன் சொல்லின்ஸ் எழுதிய அதன் விதிகள் 1992இல் திருத்தப்பட்டன. கேட்கும் கணினி, கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. வைத்திருக்கும் சேவையகம், 512 பைட் கொண்ட முதல் துண்டை இலக்கமிட்டு அனுப்புகிறது. ‘முதலாவது கிடைத்தது’ என்ற மறுமொழி வந்த பின்னரே இரண்டாவது புறப்படுகிறது. வழியில் தொலைந்தால் மறுபடியும் அனுப்பப்படுகிறது. 512க்குக் குறைந்த துண்டு வந்துவிட்டால் கோப்பு முடிந்தது.

512 பைட் அற்பமன்று. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் செல்லும். ஒரு துண்டில் ஏறத்தாழ 170 குறிகள் அடங்கும். ஒரு குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், ஊர் ஆகியவற்றுக்கு அது போதும்.

கேட்டதைக் கொடுக்க இயலாவிட்டால்? அதற்கும் விதி உண்டு. கோப்பு இல்லையெனில் பிழை இலக்கம் 1; அனுமதி இல்லையெனில் 2. மௌனம் சாதிப்பது விதியில் இல்லை. சொந்தமாக வட்டு இல்லாத கணினிகூட இந்த நெறிமுறையால் தனக்கு வேண்டிய நிரலைக் கேட்டுப் பெற்று இயங்கத் தொடங்குகிறது!

இனி, மனிதரின் கோவைகளைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் பிறந்தோரிடம், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழ்ந்தவர்களிடம் பூட்டனின் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இன்றும் ஒரு பத்திரத்துக்காக ஒருநாட் சம்பளத்தை இழந்து அலுவலகப் படியேறும் தாய், ‘இல்லை’ என்ற சொல்லைக்கூடப் பெறாது திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். ‘பிறகு வாருங்கள்’ என்பதற்கு டி.எஃப்.டி.பி. நெறிமுறையில் இலக்கமில்லை.

ஒன்றை மறைத்தல் தகாது. டி.எஃப்.டி.பி. கேட்பவர் யாரென்று விசாரிப்பதில்லை. ஆதலின் அது உள்வலையமைப்புக்கே ஏற்றது. மனிதரின் அந்தரங்கப் பதிவுகளை அவ்வாறு திறந்துவைக்க இயலாது. யார் கேட்கலாம், எதைக் கொடுக்கலாம் என்பதை மனிதரே தீர்மானிக்கவேண்டும். ஆனால் கேட்டவருக்கு மறுமொழி உண்டு என்பது தீர்மானத்துக்கு அப்பாற்பட்ட கடமை.

அக்கடமைக்கு நம் நாட்டிலும் எழுத்துவடிவம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கைமீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் எடுத்தல் வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! கட்டுரைப் பாடத்தில் ‘மலைக்காட்சி’ எழுதுவிக்கும் நாம், ஒரு தகவற் கோரிக்கையையும் எழுதுவிப்போம். திகதியிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொண்டு, பெற்றமைக்கு ஒப்புதல் கேட்கப் பழக்குவோம். மறுமொழி வராவிட்டால் மீண்டும் கேட்கவேண்டும் என்பதை இயந்திரமே அறிந்திருக்கிறது. நம் பிள்ளைகளும் அறிவார்களாக!