பங்களாவும் பங்குப்பணமும்

சுற்றுலா என்றதும் முகஞ் சுளிக்கும் முற்போக்காளர் சிலரை அறிவேன். ஓய்வும் உழைப்பவனின் உரிமையே என்பது என் கொள்கை. ஆகவே, உயர்தர வகுப்பு மாணவரோடு ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்று, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வாடகைக்கு விடும் பங்களா ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கலாமென ஆசிரியர் அறையிற் பேச்செழுந்தபோது, திட்டமிடும் பொறுப்பை மனமுவந்து ஏற்றேன்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள வனம் அது. மாசி மாத இரவுகளிற் புல்நுனியில் உறைபனி படியும். அருகே கடை கிடையாது. அரிசி, பருப்பு முதல் தீப்பெட்டி வரை சுமந்தே செல்லவேண்டும். பொலித்தீன் உறைகளுக்கு அங்கு தடை. எல்லாவற்றையும் துணியிலும் தாளிலும் பொதிய வேண்டும். ஒகியா வரை புகையிரதத்தில் மூன்றாம் வகுப்பு. அங்கிருந்து 11 கிலோமீற்றர் ஏற்றம், நடை. இவையெல்லாம் ஒரு மாலைப் பொழுதிலேயே தீர்ந்துவிட்டன.

தீராதது வேறொன்று. பங்களாவில் தங்குவோர் தொகைக்கு வரையறை உண்டு. ஆசிரியர் போக எட்டு மாணவர்க்கே இடம். செலவைச் சமமாகப் பங்கிட்டு, முதலிற் பணம் கட்டும் எண்மரை அழைத்துச் செல்வோம் என்றார் சக ஆசிரியர் ஒருவர். கணக்கிற் பிழையில்லை. ஆனால், தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்திக்கு அந்தப் பங்கு, தாயார் நான்கு நாள் கொழுந்து பறித்துப் பெறும் கூலி.

அவள் பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. "சேர், நாங்க மலையிலதான இருக்கிறோம். மலையில ராத்திரி தங்குறதுக்கா காசு குடுத்துப் போகணும்?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பினுள்ளே ஒரு வரலாறு இருக்கிறது. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்கள் வெட்டிய காட்டிலேதான் கோப்பி விளைந்தது. 1869 இற் கண்ட இலைநோய் அதனை அழித்தபின் தேயிலை தழைத்தது. 1873 இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென ஆங்கில அரசு தடுத்தது. நாம் பார்க்கப்போகும் வனம் அந்தக் கோடரி நின்ற இடத்துக்கு அப்பால் எஞ்சியது. கோடரி பிடித்தவரின் சந்ததியோ 1948 இல் நாடற்றோராக்கப்பட்டது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் வர 2003 ஆயிற்று. காட்டின் எல்லைக்குக் கீழே லயக் காம்பிராக்கள் இன்னமும் இருக்கின்றன. அவற்றைக் கடந்துபோய்த்தான் நாம் 'தனிமை'யை வாடகைக்கு எடுக்கிறோம்!

சமமற்ற வீடுகளிலிருந்து சமமான தொகையைக் கேட்பது சமத்துவமாகுமா? ஆசிரியர் கூட்டத்தில் இதையே கேட்டேன். வாக்குவாதம் நீண்டது, ஒருவர் எழுந்தே போய்விட்டார். இறுதியில், பங்களா வாடகையைச் சம்பளம் பெறும் நாங்களே ஏற்பதென முடிவாயிற்று. முதலிற் சீட்டுக் குலுக்கி எண்மரைத் தெரிவது. பிறகு அவரவர் இயன்றதை மூடிய உறையில் இடுவது. யார் எவ்வளவு இட்டார் என்று எவரும் பாரார்.

பங்களாக் காவலர் சமைத்துத் தருவாராம். பாத்திரங் கழுவுதலும் கூட்டுதலும் நம் முறை என்று பட்டியலின் தலையிலேயே எழுதிவைத்தேன். கொத்தடிமை முறையைப் பாடமாக நடத்திவிட்டு, எச்சிற் கோப்பையை இன்னொருவர் கையில் நீட்டுவது எனக்கு ஒவ்வாது.

குலுக்கலில் அம்மாணவியின் பெயரும் விழுந்தது. மறுநாள் பட்டியலைப் பார்த்தேன். 'போர்வை' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, "அந்தக் குளிருக்கு இது காணாது. கம்பளி 3, நான் கொண்டு வருவேன்" என எழுதியிருந்தாள்.