கவனக்குறைவு என்றொரு குற்றச்சாட்டு

தமிழில் ‘கவனக்குறைவு’ என்பது நோயின் பெயராவதற்கு நெடுங்காலம் முன்பே குற்றத்தின் பெயராக இருந்தது. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநர் வண்டியைக் கவனக்குறைவாக ஓட்டியிருப்பார். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் அதே சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் ஏ.டி.எச்.டி. என்ற நான்கு எழுத்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும் ஒன்றைத் தமிழில் ‘கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு’ என்று விரித்தபோது, அந்தப் பழைய குற்றச்சாட்டும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. பெயர் பொருத்தமானதும் அன்று. இக்கோளாறு உள்ளவரிடம் கவனத்துக்குப் பஞ்சமில்லை. அது எங்கே நிற்கவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்பதில்தான் அவர் சொல் செல்லுபடியாவதில்லை.

டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் பெண்ணொருவருக்கு 2023இல், அவரது 31ஆம் வயதில், இக்கோளாறு இருப்பது உறுதி செய்யப்பட்டது. சொந்த ஊர் கோலார் தங்கவயல். மூன்று தலைமுறைக்கு முன் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். ஆய்வுப் பொருளும் அந்த ஊர்தான்: அங்கே நேர்ந்த விபத்துகளும், அவற்றுக்கு அதிகாரிகள் எழுதிவைத்த காரணங்களும்.

முப்பத்தொரு வயது வரை எப்படித் தெரியாமல் போயிற்று என்று பலரும் கேட்டார்கள். கட்டடம் எழும்பும்போது சுற்றிலும் சாரம் கட்டியிருக்கும். சுவர் தானாக நிற்கிறதா, சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்பது சாரத்தைப் பிரித்த பிறகுதான் தெரியும். முதுகலை வரை படிப்பு முழுவதும் சாரத்தோடு கூடியது. மணி அடிக்கும், தேர்வுத் தேதி வரும், விடுதியில் பக்கத்து அறைத் தோழி குறிப்பேட்டைக் கடன் கொடுப்பாள், கடைசி இரவின் அச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்த அச்சத்தைக்கொண்டே அவர் முதல் வகுப்பில் தேறினார். தேசியத் தகுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றார். முனைவர் பட்டத்தில் சேர்ந்த நாளில் சாரம் மொத்தமாகப் பிரிக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து ஒரு நூல் எழுதிக் கொண்டுவா என்பதைத் தவிர அங்கே வேறு ஆணையில்லை. நம் கல்விமுறை தன்னுரிமை என்று பெருமையோடு அழைப்பது இதைத்தான்.

ஆவணக்காப்பகத்தில் அவரைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஜன்பத் சாலையிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் மைசூர் ரெசிடென்சிக் கோப்புகளை எடுத்துவைத்து உட்கார்ந்தால் மதிய உணவு நினைவுக்கு வராது. விளக்கணைக்க வரும் ஊழியர்தான் எழுப்பவேண்டும். பாறை வெடிப்பில் இறந்த ஒருவருக்கு எவ்வளவு இழப்பீடு, அதை வாங்கியது யார், கைநாட்டா கையெழுத்தா என்பதுவரை தடம் பிடித்துக்கொண்டு போவார். நான்காண்டுகளில் பதினோராயிரம் ஒளிப்படங்கள் சேர்ந்தன. ஓர் இயல்கூட எழுதப்படவில்லை. கோப்பில் அப்படி ஆழ்ந்துபோகத் தெரிந்தவருக்கு உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்க ஏழு மாதம் ஆனது எப்படி? பார்ப்பவர்களுக்கு இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு: மனமில்லை. அவரும் அதையே நம்பினார். அடையாள அட்டை மூன்று முறை தொலைந்தது. நெறியாளரின் மின்னஞ்சலைத் திறக்க அஞ்சி, அவர் அறை இருக்கும் தாழ்வாரத்தைத் தவிர்த்துப் பின்புறப் படிக்கட்டில் ஏறி இறங்கும் பழக்கம் வந்தது. கொரோனாக் காலத்தின் இரண்டாண்டுகள் ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தன, எல்லோருமே தாமதமானார்கள். மற்றவர்கள் திரும்ப எழுதத் தொடங்கியபோதுதான் அவர் மருத்துவரிடம் போனார், அதுவும் தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டு.

இக்கோளாறுக்கு இரத்தப் பரிசோதனை கிடையாது, மூளைப் படமும் கிடையாது. நேர்காணல்தான். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட தன்மதிப்பீட்டுத் தாள் ஒரு தொடக்கமே. அதில் கிடைக்கும் மதிப்பெண் தீர்ப்பாகாது. கைபேசியில் அதை நிரப்பித் தமக்குத் தாமே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்கிறவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் ‘கவனக்குறைவுக் கோளாறு’ என்று நுழைந்து, 1987இல் மிகைச்செயல்பாட்டையும் பெயரில் சேர்த்துக்கொண்ட இந்நோயின் வரையறை அவ்வப்போது மாறிவந்திருக்கிறது. அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தோன்றியிருக்கவேண்டும் என்றிருந்த விதியை 2013இன் ஐந்தாம் பதிப்பு பன்னிரண்டாக உயர்த்தியது. பதினேழு வயதைக் கடந்தோர்க்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றது. ஆனால் குழந்தைப் பருவச் சான்று வேண்டும் என்பதை மட்டும் அது விடவில்லை. ஆகவே மருத்துவர் இரண்டு கேட்டார்: பழைய பள்ளி ஆவணங்கள், சிறுவயதிலிருந்து அறிந்த ஒருவர்.

வரலாற்று மாணவியிடம் ஆவணம் கேட்டது பொருத்தம்தான். வந்த சான்று அவ்வளவு ஒழுங்காக வரவில்லை. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, தாயாருக்கு இந்தி தெரியாது. கைபேசியை மேசைமேல் வைத்து, தம்மைப் பற்றித் தம் தாய் சொன்ன வாக்குமூலத்தைத் தாமே இந்தியில் மொழிபெயர்த்தார் ஆய்வாளர். எந்த வாய்மொழி வரலாற்று வகுப்பிலும் இத்தகைய சான்றைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

“சிலேட்டுக் குச்சி வாங்கிக் குடுத்து மாளாது சார்,” என்றார் தாயார். “உப்பு வாங்கியான்னு அனுப்பினா, போற வழியில யார் வீட்டுலயோ மாடு கன்னு போட்டிருக்குன்னு நின்னு பாத்துக்கிட்டு இருக்கும். உப்பும் வராது, காசும் வராது. ஆனா அந்தக் கன்னுக்குட்டியப் பத்திக் கேளுங்க, ரெண்டு நாளு சொல்லும்.”

பிறகு இது ஒரு நோய் என்று மகள் விளக்கியபோது அவர் சொன்னது: “இது எனக்குத் தெரிஞ்சதுதானே பாப்பா. இதுக்கு எதுக்கு டில்லி டாக்டரு?”

சிக்கல் தேதியில் இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது அவருக்கு ஒன்பது வயது. நூற்றிருபது ஆண்டுகள் பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஊர் ஒரே நாளில் மேலே ஏறி வந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றது. தந்தை பெங்களூரில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன் மாரிக்குப்பம் ரயில், திரும்ப இரவாகிவிடும். அந்த ஆண்டுகளில் அந்த லைன் வீடுகளில் எந்தக் குழந்தையின் கவனம்தான் பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும்? ஓர் ஊரின் வாழ்வாதாரம் பறிபோனதன் விளைவை ஒரு சிறுமியின் மூளைக்குள் தேடுவது சரியா என்று அவர் மருத்துவரிடமே கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அவருடைய ஆய்வு முழுவதும் இருந்தது. காலனியக் கால இந்தியாவின் சுரங்க ஆய்வாளர் அறிக்கைகள் உயிரிழப்புகளைக் காரண வாரியாகப் பிரித்து அட்டவணையிடும்: எதிர்பாரா நிகழ்வு, நிர்வாகத்தின் பிழை, உடன் வேலை செய்தவரின் பிழை, இறந்தவரின் பிழை. தாங்குமரம் போதவில்லை, சம்பளம் வேலையின் அளவுக்கேற்றதாகையால் அவசரம், பன்னிரண்டாம் மணி நேரத்தின் அசதி ஆகிய எவற்றுக்கும் அந்த அட்டவணையில் பத்தியில்லை. செத்தவனின் கவனக்குறைவுக்கு மட்டும் ஒரு பத்தி உண்டு. இந்தப் பத்தியின்மேல் ஐயம் கொள்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் பெயரை அதே சொல்லின்கீழ் எழுதிக்கொள்ளத் தயங்கியதில் வியப்பில்லை.

மருத்துவ உலகிலும் இது முடிந்துபோன விவாதம் அன்று. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, வயதுவந்தபின் இக்கோளாறு காணப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்தில் அது இருந்ததாகப் பதிவில்லை என்று 2015இல் கூறியது. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வோ, அவ்வாறு தாமதமாகத் தொடங்கியதாகத் தோன்றுவோரைக் கூர்ந்து விசாரித்தால் பெரும்பாலோர்க்குப் போதைப் பழக்கம், வேறு மனநலச் சிக்கல் என மற்றொரு விளக்கம் கிடைக்கிறது என்றது. வறுமையும் அதிர்ச்சியும் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை.

மருத்துவர் அவருடைய ஐயத்தைத் தள்ளவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். அதே வீட்டில், அதே சோற்றைத் தின்று வளர்ந்த அண்ணனுக்கு இந்தச் சிரமம் உண்டா? இல்லை. சுரங்கம் மூடப்படுவதற்கு முன் எப்படி இருந்தீர்கள்? அதற்கான விடை தாயாரின் தகரப் பெட்டியில் இருந்தது. 1998–99, இரண்டாம் வகுப்பு மார்க்ஸ் கார்டு. அண்ணன் அதைப் படமெடுத்து அனுப்பினார். மூன்று பருவத்திலும் ஒரே கையெழுத்து, ஒரே குறிப்பு: ‘கெட்டிக்காரி. கவனம் போதாது.’ அப்போது சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பரம்பரை பற்றிய கேள்வி அடுத்து வந்தது. இரட்டையர் ஆய்வுகளின்படி இக்கோளாறில் மரபின் பங்கு எழுபது விழுக்காட்டுக்கு மேல். அவருடைய தந்தை 2011இல் இறந்துவிட்டார். பாறைக்குள் இறங்கிய காலத்தில் தம் கூட்டத்திலேயே துடியானவர் என்று பெயரெடுத்தவர். ஆபத்து நெருங்கினால் எல்லோருக்கும் முன் அவருக்குத் தெரியுமாம். அதே மனிதரைப் பெங்களூரில் ஒரு வாயிற்கதவின் அருகே பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான்கு இடத்தில் வேலை போயிற்று. இருக்கையில் இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் புகார். பிறகு குடி. “அப்பாவுக்கும் இதுவா இருந்திருக்குமோ?” என்று தாயார் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். இறந்தவர்களுக்கு நோய் கண்டறியக்கூடாது என்பது வரலாற்று ஆய்வின் பாலபாடம். அதை மாணவர்களுக்குச் சொல்லித்தந்தவர்தான் அவர். தாயாருக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மருந்தைப் பற்றி மிகையான கதைகள் உலவுகின்றன. மெதில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது. இந்தியாவில் இது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. எக்ஸ் அட்டவணை மருந்தாகையால் சீட்டு இரு படிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் ஈராண்டு வைத்திருக்கவேண்டும். எனவே பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. படிவங்களைத் தொலைப்பவர்களுக்கான மருந்தைப் படிவங்களின் வழியாக மட்டுமே பெறமுடியும் என்பது அரசின் நகைச்சுவை உணர்வு. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், பசி ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டு மருத்துவர் சிறு அளவில் தொடங்கினார். முதல் நாள் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது: ஆறு மணி நேரம் இடைவிடாமல் பதினோராயிரம் ஒளிப்படங்களுக்கும் கோப்புப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டார். இயல் அப்படியே இருந்தது. மருந்து குதிரையை நிற்கவைக்கும். எந்தப் பக்கம் ஓட்டுவது என்று அது சொல்லாது. எழுதவேண்டிய பக்கத்தைத் திறந்துவைத்த பின்னரே மாத்திரை, நூலகத்தில் எதிரே ஒரு தோழி, வாரந்தோறும் வியாழக்கிழமை எதையாவது அனுப்புவது என்று சாரத்தை அவர் கையாலேயே மீண்டும் கட்டவேண்டியிருந்தது.

துறையில் இதைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு அவர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் தன்முனைப்புக் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாகப் பெயர் பெறவில்லை. முனைவர் பட்ட விதிகளின்படி, நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ளவர்க்கு இரண்டாண்டு கூடுதலாகக் கிடைக்கும். பெண்களுக்கும் கிடைக்கும். ஆகவே அவருக்கு நீட்டிப்பு கிடைத்தது பெண் என்பதால். அவரை உண்மையில் தாமதப்படுத்திய காரணத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை. பதிவு நீண்டது, உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றது.

ஆய்வுக் குழுவில் ஒருவர், “இந்தக் காலத்தில் யாருக்குத்தான் கவனம் நிற்கிறது?” என்றார். தலைவலி எல்லோருக்கும் வருவதால் ஒற்றைத் தலைவலி என்றொரு நோய் இல்லை என்று அவர் சொல்லமாட்டார். நெறியாளர் எதுவும் சொல்லாமல் நாட்காட்டியை எடுத்தார். “அஞ்சலைத் திறக்கவேண்டாம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அறைக்கு வா. எழுதியிருந்தாலும் வா, எழுதாவிட்டாலும் வா.”

முதலில் எழுதி முடித்த இயல் ‘இறந்தவரின் பிழை’ என்ற அந்த அட்டவணைப் பத்தியைப் பற்றியது. குறித்த நாளுக்குப் பதினேழு நாள் கழித்துக் கொடுத்தார். அடிக்குறிப்புகளில் நான்கு கோப்பு எண்கள் விடுபட்டிருந்தன; நெறியாளர் அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒன்றும் எழுதாமல், திருப்பிக் கொடுத்தார்.