அம்மா எழுதிய எஸ்.பி.எம்.



எஸ்.பி.எம். என்றதும் ஐந்தாம் படிவ மாணவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அப்பருவத்தில் எழுதத் தவறியவர்களும் பின்னாளில் தனித்தேர்வராக அமர்ந்து அதே சான்றிதழைப் பெறலாம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த என் தலைமுறையினர் பலர் இடைநிலைப்பள்ளியிலேயே நின்றுவிட்டனர். தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்றவர்களுள் மலாய்மொழியில் பின்தங்கியோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்த பின்னரே படிவம் ஒன்றுக்குச் சென்றனர். வீட்டில் வறுமை, பள்ளிக்கோ நெடுந்தொலைவு. அவர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்வது அநியாயம்.

என் மாணவன் ஒருவனின் தாயார் ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவர். 2002-இல் பி.எம்.ஆர். எழுதியதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். பல்லாண்டு அனுபவம் இருந்தும் மேற்பார்வையாளர் பணிக்கு எஸ்.பி.எம். கேட்டனர். 2023-இல் தனித்தேர்வராகப் பதிந்துகொண்ட பின் என்னிடம் வந்தார்.

“டீச்சர், இந்த வயசுல மண்டையில ஏறுமா?” என்று கேட்டார்.

சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்றப் பாடங்களில் சிறந்து விளங்கினாலும் இவற்றுள் ஒன்று தவறினால் சான்றிதழ் கிட்டாது. ஆகவே, இவ்விரண்டுக்கும் முதலிடம் கொடுக்கச் சொன்னேன். சனிக்கிழமைகளில் மலாய்க் கட்டுரை எழுதப் பழக்கினேன். வரலாற்றுக்கு அவருடைய மகனே துணையானான். நான்காம் ஆண்டுப் பாடநூலில் பரமேஸ்வரா மலாக்காவைத் தோற்றுவித்ததை அவன் படித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் நான்காம் படிவ நூலின் முதல் அலகும் மலாக்கா மலாய் சுல்தானகத்தைப் பற்றியதே. இரவுப் பணி இல்லாத நாள்களில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டனர். அதுவரை வீட்டுப்பாடத்திற்கு அழுத பையன், அம்மா பிழை விட்டால் திருத்துவதற்காகவே பாடத்தை முன்கூட்டிப் படித்தான்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் முடிவுகள் வெளிவந்தன. மலாய்மொழியில் ‘டி’, வரலாற்றில் ‘இ’. பெரும்புள்ளிகள் அல்ல, எனினும் தேர்ச்சிதான், சான்றிதழும் கைக்கு வந்தது. பதவி உயர்வு உடனே வந்துவிடவில்லை. ஆனால், விண்ணப்பிக்கும் தகுதியே இல்லை என்று இனி அவரிடம் யாரும் சொல்ல முடியாது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நுழைந்ததும் இதே சான்றிதழைக் கொண்டுதான். அதனால் அதன் அருமையை அறிவேன்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெற்றோர் சந்திப்பின்போது பிள்ளையின் புள்ளிகளை மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். படிப்பைப் பாதியில் விட்ட பெற்றோரிடம் தனித்தேர்வர் வாய்ப்பையும் எடுத்துச் சொல்லுங்கள். பதிவு செய்யும் காலத்தையும் கட்டணத்தையும் மாநிலக் கல்வி இலாகாவில் கேட்டறிந்து தெரிவியுங்கள். பெற்றோர்களே, “படி, படி” என்று நூறு முறை சொல்வதைவிட, நீங்கள் புத்தகத்தைத் திறந்து அமர்வதைப் பிள்ளை ஒருமுறை பார்ப்பது மேல்.