தாய்ப்பலகை

கணிப்பொறி விளையாட்டில் நாட்டமுள்ள என் மகன், தான் உழைத்துச் சேர்த்த பணத்துடன் 2023இல் என்னைச் சென்னை ரிச்சி தெருவுக்கு அழைத்துச் சென்றான். வண்ண விளக்குகள் மின்னிய விலையுயர்ந்த மதர்போர்டு ஒன்றை நான் காட்டினேன். அவனோ எளியதொரு பி450 பலகையை எடுத்தான்.

"அப்பா, ஆட்டத்தின் வேகத்தைப் பெரிதும் தருவது கிராபிக்ஸ் கார்டு, மீதிப் பணம் அதற்கு. பலகை மற்றவற்றைத் தாங்கினால் போதும். மின்சாரத்தைச் சீராக்கும் பகுதிமேல் வெப்பம் தணிக்கும் தகடு இருக்க வேண்டும். இது 2018இல் வந்த வகை, பயாஸைப் புதுப்பித்தால் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசைச் செயலியையும் ஏற்கும்" என்றான்.

மகளின் திருமணத்தில் விளக்கு அலங்காரத்துக்கென்று கடன்பட்டவன் நான். தன் நகைகளை விற்று அதை அடைத்தவள் என் மனைவி. 'தாய்ப்பலகை' என்று பெயரிட்டவர்கள் அறிந்தே இட்டனர் போலும். மின்னாமல் தாங்கியவளை நான் அன்றுதான் கண்டேன்.