உமிழ்நீருக்கு என்ன எடை?

கணக்கு என்றால் காத தூரம் ஓடும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பரும் அவர்களுள் ஒருவரே. "சமன்பாடு ஒன்றுகூட வரக்கூடாது" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் போனார். வாக்குத் தவற மாட்டேன்.

தொண்டையில் புற்றுநோய் கண்ட ஒருவருக்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உடல் ஏற்கும் கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகால் அளப்பர். கட்டிக்கு 70 கிரே கொடுப்பது வழக்கம். நாளுக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாளாக, ஏழு வாரம். ஆனால் கட்டி தனித்தா இருக்கிறது? பின்னால் தண்டுவடம், அதற்கு ஏறத்தாழ 45 கிரேதான் வரம்பு. இரு காதுகளுக்கும் முன்னே உமிழ்நீர்ச் சுரப்பிகள்; அவை பெறும் சராசரி 26 கிரேயைத் தாண்டினால் மீண்டும் நன்றாகச் சுரப்பது அரிது.

ஆகவே பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு கற்றையையும் டங்ஸ்டன் தகடுகளால் மறைத்தும் திறந்தும், சிறுசிறு கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் தனித்தனியே அமைக்கலாம். இப்படி ஆயிரக்கணக்கான கதிர்கள். உடலின் ஒரு புள்ளியில் சேரும் அளவு, அங்கே வந்து சேரும் கதிர்களின் கூட்டுத்தொகைதான். பள்ளிக்கூடத்துக் கூட்டல்!

வேண்டிய அளவை முதலில் எழுதிவிட்டு, அதைத் தரும் கதிர்களைப் பின்னோக்கித் தேடினால் என்ன? ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் பிராமேயும் உடனுழைத்தோரும் 1982இல் எழுதிய கட்டுரை இவ்வழிக்குக் கால்கோள்களில் ஒன்று. ஆனால் கணக்கு இங்கே ஒரு குறும்பு செய்யும். "இந்தக் கதிரின் வலிமை கழித்தல் மூன்று" என்று கூசாமல் விடை தரும். கழித்தல் ஒளி உலகில் ஏது? எந்தக் கதிரும் சுழிக்குக் கீழே போகலாகாது என்று கட்டளையிட்டாக வேண்டும். இட்டவுடன், கேட்டது முழுவதும் கிடைக்காது என்றாகிவிடுகிறது. கிடைக்கக்கூடியவற்றுள் குறை மிகக் குறைந்ததைத் தேடும் கலைக்கே உகப்பாக்கம் என்று பெயர்.

குறைகளை எப்படிக் கூட்டுவது? கட்டியில் ஒரு கிரே குறைவதும், சுரப்பியில் ஒரு கிரே கூடுவதும் ஒன்றாகுமா? ஆகா. ஆதலால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை தருகிறோம். கட்டிக்கு 100, தண்டுவடத்துக்கு 50, சுரப்பிக்கு 1 என்று யாரோ ஒருவர் எழுதுகிறார். கதிர் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பதைப் பௌதிகம் சொல்லும். இந்த எடைகளை எந்தப் பௌதிக நூலும் சொல்வதில்லை. நான் படிக்க வந்த துறையில் எனக்கு உறுத்தலாக இருப்பது இந்த இடந்தான்.

என் மாமா ஒருவருக்கு 2009இல் தொண்டைப் புற்றுநோய். அவருக்குக் கிடைத்தது கோபால்ட் இயந்திரம். இடமும் வலமுமாகக் கதிர் பாய்ந்தது. இரு சுரப்பிகளும் அதன் வழியில் இருந்தன. நோய் போயிற்று, இன்றும் நடமாடுகிறார். ஆனால் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் திண்ணைக்குக்கூட வருவதில்லை. சோற்றை ரசத்தில் கரைத்துக் குடிக்கிறார். அப்பளம் நொறுங்கும் ஓசை கேட்டால் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருத்தம் கலவாத சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

2011இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்று, பழைய முறையில் கதிர் பெற்றோருள் 74 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் கணிசமான வாய் வறட்சி இருந்ததைக் கண்டது. சுரப்பியை விலக்கிச் செலுத்தப்பட்டவர்களுள் அது 38. உயிர் பிழைத்திருப்பதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இப்போது எடையை முன்கூட்டியே எழுதாத வழியும் உண்டு. ஒன்றைக் கெடுக்காமல் மற்றொன்றைத் திருத்தவே முடியாத திட்டங்களாகப் பலவற்றைக் கணித்து வைத்து, மருத்துவர் திரையில் ஒரு குமிழை நகர்த்தி, அவற்றிடையே தேர்ந்துகொள்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் குமிழுக்கு அருகே நோயாளிக்கும் ஒரு நாற்காலி போட்டால் என்ன என்று பேராசிரியரிடம் கேட்டேன். "ஏழு வாரம் காத்திருக்கும் வரிசையைப் பார்த்திருக்கிறாயா?" என்றார். அதுவும் மெய்யே. ஆனால் எல்லாத் திட்டங்களையும் காட்ட வேண்டுவதில்லை. கட்டிக்கு ஒரு குறையும் வைக்காமல் சுரப்பியை மட்டும் கூடவோ குறையவோ காக்கும் இரண்டு மூன்றைக் காட்டினால் போதும்.

ஆராய்ச்சிக்கென்று பெயர் மறைத்து வெளியிடப்பட்ட ஒரு நோயாளியின் படங்களைக்கொண்டு, அத்தகைய திட்டங்கள் எத்தனை தேறும் என்று எண்ணுவதே இந்தப் பருவத்தில் என் வேலை. கணிப்பொறி ஒவ்வோர் இரவும் ஓடுகிறது. இதுவரை நான்கு தேறியிருக்கின்றன.