உள்தொடையின் உழைப்பு
கபடி ஆடும் பையன்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் கவட்டியைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். "சார், இழுத்துடுச்சு. நல்லா நீட்டி விட்டா சரியாயிடுமா?"

மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்க்கச் சொல்வேன். முழங்காலின் உட்புறம் என் கையைக் கொடுத்து "தள்ளு" என்றதும், தொடை இடுக்கில் கயிறு போல ஒன்று புடைத்து எழும். அடக்டர் லாங்கஸின் தசைநாண் அது. விரலை அதன்மேல் வைத்தபடி மேலே போனால், இடுப்பெலும்பில் அது ஒட்டும் இடத்தில் பையன் முகம் சுளிப்பான். இத்தனை ஆண்டுகளில் எந்த ஸ்கேனும் இந்த விரலுக்கு முன்னால் வந்ததில்லை எனக்கு.

லாங்கஸ், பிரெவிஸ், மேக்னஸ், கிராசிலிஸ், பெக்டினியஸ் என்று ஐந்து தசைகள். தொடையை உள்நோக்கி இழுப்பவை என்று பாடத்தில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் நாள் முழுக்க யார் தொடையை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்? கால் பின்னால் இருக்கும்போது லாங்கஸ் அதை முன்னால் இழுக்கும். குத்த வைத்து உட்கார்ந்தால் அதே தசை தொடையைப் பின்னுக்குத் தள்ள உதவும். இடுப்பு மடங்கும் அளவைப் பொறுத்து அதன் வேலையே மாறிவிடுகிறது.

எனக்குப் பிரியமானது மேக்னஸ். அதன் பின்பகுதி நாம் உட்காரும் எலும்பிலிருந்து கிளம்பி முழங்கால் அருகே இறங்குகிறது. தொடையின் பின்தசைகளுக்குப் போகும் அதே சயாட்டிக் நரம்புதான் அதையும் இயக்குகிறது. தரையில் குந்தியவர் கையூன்றாமல் எழுந்தால் அந்த எழுச்சியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் முழங்காலின் பின்புறம் போவதும் இத்தசை விட்டுவைத்த இடைவெளி வழியாகத்தான்.

பாடிப் போகிறவன் காலை எட்டி நீட்டித் தொடும்போது உள்தொடை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. அது கிழிவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஏற்கெனவே இழுபட்டு நொந்ததை மேலும் இழுத்துவிட்டு என்ன பயன்? டென்மார்க் மருத்துவர் பெர் ஹோல்மிக் குழுவினர் 1999இல் லான்செட் இதழில் காட்டினார்கள்: நாள்பட்ட கவட்டி வலியில் வலுவூட்டும் பயிற்சி செய்த 29 வீரர்களில் 23 பேர் வலியின்றிப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினர், மசாஜ், லேசர், ஸ்ட்ரெச்சிங் பெற்ற 30 பேரில் 4 பேர்தான்.

அதனால் கோபன்ஹேகன் பயிற்சியைச் சொல்லித்தருகிறேன். ஒருக்களித்து முழங்கையை ஊன்ற வேண்டும். மேல்காலை நண்பன் பிடித்துக்கொள்வான், அந்தக் காலின் பலத்தில் இடுப்பைத் தூக்க வேண்டும். முதல் வாரங்களில் முழங்காலைப் பிடித்தால் போதும், பிறகு கணுக்கால். தூக்குவதைவிட மெல்ல இறக்குவதில்தான் நான் கறார். வலி போனதும் பையன்கள் இதை விட்டுவிடுவார்கள் என்பதால், சீசன் முடியும்வரை வார்ம்-அப்பிலேயே சேர்த்துவிடும்படி கோச்சிடம் சொல்லிவைக்கிறேன்.